உழவுக்கு வந்த இயந்திரம்: வரமா? சுமையா?

தாம்பரத்தை விட்டுத் தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், இரும்புலியூரைக் கடந்ததும் பீர்க்கன்கரணை ஏரி நம் கண்ணில் படும். ஏரி என்றாலே அதற்கு ஒரு மதகும், ஒரு கலங்கலும், கரைக்குக் கீழே ஓர் ஆயக்கட்டும் உண்டு என்பது செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த எவருக்கும் தெரிந்த செய்தி. இன்று மதகு திறந்தால் நீர் பாய்வதற்கு வயல் இல்லை. நெல் விளைந்த மண்ணில் வீடுகள் விளைந்துவிட்டன. 2021ஆம் ஆண்டில் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2023 டிசம்பர் இறுதியில் அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் சொல்லிய வாய்கள், இப்போது பேருந்து புறப்படும் நேரத்தைச் சொல்லுகின்றன.

ஆயினும் இவ்வூரில் குடியேறியுள்ள குடும்பங்களில் பலவற்றிற்கு உழவு இன்னும் அற்றுப்போகவில்லை. மதுராந்தகத்திலோ, திண்டிவனத்திலோ, தஞ்சைத் தரணியிலோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதைத் தம்பியோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்கிறார். அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசி வந்து சேருகிறது. எனவே, உழவைப் பற்றிய கேள்வி நகரத்தில் வாழும் நமக்குப் புறம்பான கேள்வியன்று.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது, நமக்கு நன்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் கையில் சில தாள்களோடு காத்திருந்தார். மதுராந்தகம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் அவருடைய தம்பி, டிராக்டர் வாங்க விரும்புகிறாராம். கடனுக்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். "போடலாமா, கூடாதா? நாலு எழுத்துப் படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அருகில் நின்ற அவருடைய மனைவியார், "டிராக்டர் வரட்டும், நடவு மிஷினும் வரட்டும். எங்களைப் போல நாற்று நட்டே பிள்ளைகளை வளர்த்தவர்கள் எங்கே போவது? அதையும் சேர்த்துக் கேளுங்கள்" என்றார்.

கணவர் கேட்டது பணக்கணக்கு. மனைவியார் கேட்டது நியாயக்கணக்கு. இரண்டிற்கும் விடை தேட முயலுவோம்.

கடந்து வந்த பாதை

உழவில் இயந்திரம் என்றதும் நமக்கு டிராக்டர்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் தமிழ்நாட்டு உழவனின் வாழ்வில் முதலில் நுழைந்த இயந்திரம் நீர் இறைக்கும் மோட்டார்தான். ஏற்றம் மிதித்தும் கவலை ஓட்டியும் விடியற்காலையில் நீர் பாய்ச்சிய காலத்தை முதியவர்கள் இன்றும் நினைவு கூர்வர். மோட்டார் வந்தது, மாட்டின் பாரமும் மனிதனின் பாரமும் குறைந்தன. கோயம்புத்தூர் அதற்கான பட்டறைகளால் பெயர் பெற்றது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் பெரும் போராட்டம் நடத்தினர். 1990 முதல் வேளாண் மின்இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அந்த வரத்தோடு ஒரு சுமையும் வந்தது. எல்லாரும் இறைத்ததால் நிலத்தடி நீர் கீழிறங்கியது, கிணறு ஆழ்துளையாயிற்று, ஆழ்துளையும் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாயிற்று. இயந்திரம் ஒன்றைத் தருகையில் மற்றொன்றை எடுத்துக்கொள்கிறது என்னும் பாடத்தை நாம் முதலில் கற்றது இங்கேதான்.

டிராக்டரின் கதை அடுத்தது. 1959இல் பரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் நம் நாட்டில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கி வைத்தது. 1960இல் சென்னையில் 'டாஃபே' நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் டிராக்டர்களை உருவாக்கலாயிற்று. 2005இல் ஐஷரின் டிராக்டர் தொழிலும் அதனோடு சேர்ந்துவிட்டது. துர்காப்பூர் ஆய்வுக்கூடத்தில் நம்மவர்களே வடிவமைத்த 'சுவராஜ்' டிராக்டர் 1974இல் வெளிவந்தது. இன்று எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதியாக டிராக்டர் செய்யும் நாடு இந்தியாதான். 2022-23ஆம் ஆண்டில் மட்டும் 9 லட்சத்திற்கும் மேற்பட்டவை விற்பனையாயின. பீர்க்கன்கரணையிலிருந்து இதே சாலையில் செங்கற்பட்டை நோக்கிச் சென்றால், மகிந்திரா உலக நகரில் 2012இல் திறக்கப்பட்ட ஆய்வு மையம் ஒன்று உள்ளது. அங்கே டிராக்டர்களை வடிவமைக்கிறார்கள். வயல்கள் மறைந்த சாலையில் வயலுக்கான இயந்திரம் வரைபடமாகிறது என்பது காலத்தின் வினோதந்தான்.

சிறிய நிலமும் பெரிய இயந்திரமும்

இத்தனை டிராக்டர்கள் ஓடும் நாட்டில் சிக்கல் எங்கே இருக்கிறது? நிலத்தின் அளவில் இருக்கிறது.

2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஓர் உழவரின் கைவசமுள்ள நிலம் சராசரியாக 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டிலோ அது 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு உழவர்களே. அந்த இரண்டு ஏக்கரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பாட்டன் சொத்து பிள்ளைகளுக்குப் பிரியும்போது மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு என்று சிதறுகிறது. வரப்புகள் பெருகுகின்றன. இயந்திரம் திரும்புவதற்கே இடமில்லாத வயலில் அது என்ன செய்யும்?

இனி நம் பெரியவரின் கணக்கிற்கு வருவோம். எளிதாகக் கணக்கிடுவதற்காக, டிராக்டரும் கலப்பையும் சேர்ந்து 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 2 லட்சம் கட்டினால் மீதி 6 லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்றாலும் முதலாண்டு வட்டி மட்டும் 60,000 ரூபாய். ஆறு ஆண்டுகளில் தீர்ப்பதானால் அசலில் ஆண்டுக்கு ஒரு லட்சம். ஆக, முதல் ஆண்டில் 1,60,000 ரூபாய் கட்டியாக வேண்டும். டீசலும் பழுதுபார்ப்பும் தனி.

தம்பியின் வயலுக்கு டிராக்டர் எத்தனை மணி நேரம் தேவை? இரண்டு ஏக்கர், இரண்டு போகம், போகத்திற்கு நான்கு சால், ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்றால் 16 மணி. சேறு கலக்குவதற்குக் கொஞ்சம் கூட்டி 20 மணி என்றே கொள்வோம். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை கொடுத்தாலும் ஆண்டுக்கு 24,000 ரூபாயில் முடிந்துவிடும். 24,000 ரூபாய் வேலைக்கு 1,60,000 ரூபாய் கட்டுவதா? ஊரார் வயலில் வாடகைக்கு ஓட்டி மீட்டுவிடலாம் என்பது தம்பியின் எண்ணம். ஆனால் அதே எண்ணத்தோடு ஊரில் ஏற்கெனவே எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்தாரா?

தவணை தவறினால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஓர் உழவரைக் காவலர்கள் அடித்து இழுத்துச் சென்ற காட்சி நாடெங்கும் பரவி நெஞ்சை உலுக்கியது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. இங்கோ முன்கூட்டியே கணக்குப் பார்க்காதவனுக்கு மானமும் மிஞ்சுவதில்லை.

செல்வ நாடாகிய ஜப்பானும் இதற்கு விலக்கன்று. நம்மைப் போலவே சிறு வயல்களைக் கொண்ட அந்நாடு, அவற்றுக்கு ஏற்ற சிறு உழவு இயந்திரங்களையும் நடவு இயந்திரங்களையும் உருவாக்கிற்று. ஆனால் வீட்டுக்கு வீடு எல்லா இயந்திரங்களையும் வாங்கிக் குவித்ததால் வருவாய் முழுவதும் தவணைக்கே போயிற்று. இயந்திரத்தால் வந்த வறுமை என்று பொருள்படும் ஒரு சொல்லே அவர்கள் மொழியில் பிறந்துவிட்டது.

களத்துமேட்டில் மறைந்த நெல்

இப்போது அம்மையாரின் கேள்வி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டு வேளாண்மையில் இயந்திரத்தின் பங்கு சராசரியாக 47 விழுக்காடு. நிலத்தைப் பண்படுத்துவதில் 70 விழுக்காடு, விதைப்பு, நடவில் 40, களையெடுப்பில் 33, அறுவடை, போரடிப்பில் 34. இந்த எண்களைச் சற்று உற்றுநோக்குங்கள். ஏர் பிடித்தல் ஆண்களின் வேலை. அதன் பெரும்பகுதி எப்போதோ இயந்திரத்திடம் போய்விட்டது. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. அங்கே இயந்திரம் இப்போதுதான் நுழைகிறது. காலமெல்லாம் குனிந்து நட்டு முதுகு வளைந்தவள் பெண். அந்த வலியைத் தீர்க்க வேண்டிய இயந்திரம் மிகக் காலம் கடந்து வருகிறது. வரும்போதோ, அதை ஓட்டும் இருக்கையில் ஆண் அமர்ந்திருக்கிறான். கூலியை இழந்து வரப்பில் நிற்பவள் பெண்.

அறுவடையைப் பாருங்கள். ஓர் ஏக்கரை ஆட்கள் கூடி அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்கு நாள்கள் பிடித்தன. இன்று அறுவடை இயந்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெல்லாகவே கொட்டிவிடுகிறது. மழை மேகம் திரண்டு நிற்கும் தை மாதத்தில் அது உழவனுக்குச் செய்யும் உதவி பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று அறுத்தவர்களுக்குக் களத்திலேயே நெல்லாகக் கூலி அளந்தார்கள். அந்த நெல் நிலமற்ற குடும்பத்தின் குதிரில் சில மாதங்களுக்கு உணவாக இருந்தது. இயந்திரம் வந்தபோது கூலியோடு அந்தக் குதிரும் காலியாயிற்று. வைக்கோலின் கதையும் இதுவே. டயர் வண்டி அறுத்த வயலில் வைக்கோல் நசுங்கிச் சிதறுகிறது. அதைக் கட்டுவதற்கு மற்றோர் இயந்திரம், அதற்கு ஒரு வாடகை. ஏர்மாடு தேவையற்றுப் போக, மாடு வளர்ப்போரும் குறைந்தனர். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்திய நாட்டு மாடுகளின் எண்ணிக்கை முந்தைய கணக்கைவிட 6 விழுக்காடு குறைந்து காணப்பட்டது.

கூலிக்காரரின் கோபத்தையும் நிலக்காரரின் அச்சத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதன் பகையால் ஒரே குடிசையில் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அந்த நினைவு மண்ணில் ஈரமாய் இருந்த காலத்தில் புதிய இயந்திரத்தைத் தொழிலாளர்கள் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. தஞ்சையிலும் கேரளத்திலும் அறுவடை இயந்திரத்தை அவர்கள் எதிர்த்தனர். தங்களை விலக்கி வைக்க வந்த ஆயுதமாகவே அது அவர்களுக்குத் தோன்றியது.

இன்றோ நிலைமை மாறியிருக்கிறது. கிராமத்து இளைஞர்கள் ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். வெயிலில் குனிந்து நிற்க யாருக்கும் மனமில்லை; அவர்களைக் குறை கூறவும் நமக்கு உரிமையில்லை, நாமே அப்படி வந்தவர்கள்தாமே! நடவுக்கு ஆள் இல்லாமல் நாற்று முற்றிப்போகும் வயல்கள் உண்டு. ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று இனிச் சொல்ல இயலாது. யாருடைய கையில், எந்த அளவில், எவருக்குப் பயன்படும்படி என்பதே இன்றைய வினா. 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் இக்கருத்து உண்டு. இயந்திர நுட்பம் மனிதனுக்குத் துணைவன். ஆனால் அவன் வேலையைப் பறித்து அவனைத் தனக்கு அடிமையாக்கும்போது எதிரியாகவும் மாறக்கூடும் என்று அவர் எச்சரித்தார்.

நம்பிக்கை தரும் சுவடுகள்

இத்தகைய நல்வழிகள் உண்டா? உண்டு.

முதலாவது, நம் அண்டை நாடாகிய வங்காளதேசம். 1980களின் பிற்பகுதியில் வெள்ளத்திலும் புயலிலும் ஏராளமான உழவு மாடுகள் மடிந்தன. அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சீனத்திலிருந்து விலை குறைந்த இரு சக்கர உழவு இயந்திரங்கள் வந்து குவிந்தன. நாம் பவர் டில்லர் என்போம். யாழ்ப்பாணத்தார் லாண்ட்மாஸ்டர் என்பர். ஊருக்குச் சிலர் வாங்கினர்; மற்றவர்கள் வாடகைக்கு எடுத்தனர். துண்டு நிலம் வைத்திருப்பவரும் இன்று அங்கே இயந்திரத்தால் உழுகிறார். பெரிய டிராக்டருக்குக் காத்திராமல், சிறிய நிலத்திற்குச் சிறிய இயந்திரம் என்று தெளிந்ததே அவர்களுடைய வெற்றி. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அரசுகளே பெரிய டிராக்டர்களை வரவழைத்து நிலையங்கள் அமைத்தன. உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் இல்லாமல் அவை துருப்பிடித்து நின்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் பாடம் தெளிவாகும்.

இரண்டாவது, ஒரு துறவியின் கதை. பிரான்சில் பிறந்து 1961இல் மடகாஸ்கர் தீவுக்குச் சென்ற சேசு சபைக் குரு ஹென்றி தெ லொலானியே, ஏழை உழவர்களோடு வயலில் இறங்கி ஆண்டுக்கணக்கில் நெற்பயிரைக் கவனித்தார். இளநாற்றை ஒற்றையாக, சதுர இடைவெளியில் நட்டு, நீரைத் தேக்காமல் அளவோடு விட்டு, கையால் தள்ளும் உருளைக் களைக்கருவியை வரிசைகளுக்கிடையே ஓட்டினால் விளைச்சல் பெருகுவதை 1980களில் கண்டறிந்தார். அதுவே நம் தமிழ்நாட்டில் 'திருந்திய நெல் சாகுபடி' என்னும் பெயரில் பரவியது. அதில் பயன்படும் கோனோ களைக்கருவிக்கு டீசல் வேண்டாம், கடன் வேண்டாம்; குனியவும் வேண்டாம். நிமிர்ந்து நின்றபடி களையெடுக்கலாம். இயந்திரம் என்றால் இரைச்சலும் புகையும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து வடக்காஞ்சேரி. அங்கே வேளாண் தொழிலாளர்களே, பெண்களும் உட்பட, நடவு இயந்திரத்தையும் பவர் டில்லரையும் இயக்கப் பயிற்சி பெற்று, 'பசுமைப் படை' என்னும் பெயரில் அணியாகச் சென்று வேலை செய்தனர். இயந்திரத்தைக் கண்டு அஞ்சிய கைகளே இயந்திரத்தைப் பிடித்தன. அம்மையாரின் கேள்விக்கு நாம் கண்ட மிகச் சிறந்த விடை இதுவே. நடவு இயந்திரத்திற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். நாற்றின் வயதும் வயலின் சமனும் சரியாக இருக்க வேண்டும். இவற்றைப் பிறவியிலிருந்தே அறிந்தவர்கள் நட்டுப் பழகிய பெண்களே அல்லரோ?

நான்காவது, வாடகை மையங்கள். 2014-15இல் நடுவண் அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் இம்மையங்கள் பல ஊர்களில் அமைந்தன. அத்திட்டத்தில் சிறு, குறு உழவர்க்கும், பெண்களுக்கும், பட்டியலின மக்களுக்கும் இயந்திர விலையில் 50 விழுக்காடு வரையும், மற்றவர்க்கு 40 விழுக்காடு வரையும் மானியம் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு இயந்திரங்களை அனுப்புகிறது. 2018இல் வந்த 'உழவன்' செயலி வழியே கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு சேவை வரியும் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நம் அருகிலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஆளில்லா வானூர்திகளை ஆராய்கின்றனர். மருந்து தெளிக்கும் நஞ்சுப் பணியிலிருந்து மனிதனை அவை விடுவிக்கக்கூடும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. அறுவடை உச்சத்தில் எல்லாரும் ஒரே நாளில் இயந்திரம் கேட்பர். அப்போது அரசு மையத்தில் வரிசை நீளும். தனியார் வாடகை ஏறும். மழை பெய்து வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு வாடகை மேலும் கூடும். அந்நாளில் ஒன்றியிருக்கும் ஊர் பேரம் பேசும். ஒன்றாத ஊர் கேட்டதைக் கொடுக்கும்.

குடும்பங்கள் கவனிக்க

இயந்திரம் வீட்டுக்கு வந்தால் விபத்தும் வாசலில் நிற்கும். போரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தவர்கள் பெருகியதால், அபாயகரமான இயந்திரங்களை முறைப்படுத்த 1983இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சுழலும் பாகத்திற்கு மூடி இல்லாமல் இயக்காதீர்கள். புடவைத் தலைப்பையும் வேட்டியையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். டிராக்டரின் மட்காப்பில் குழந்தையை உட்கார வைப்பது பாசமன்று, பேதைமை. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் டிரெய்லரில் மக்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நம் பங்குகளிலிருந்தேனும் ஒழிப்போம்.

பெரியவருக்கு நாம் மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. வெறுங்கையோடு மறுத்துவிடவும் இல்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போய், வரப்பை அடுத்த வரப்புக்காரர் மூவரையும் தம்பியையும் ஒரு திண்ணையில் அமர வைத்தார். நால்வரும் சேர்ந்து பவர் டில்லர் ஒன்று வாங்குவது, பெரிய உழவுக்கும் அறுவடைக்கும் வாடகை வண்டியைச் சேர்ந்தே அழைப்பது என்று பேசி முடித்தனர். கடனுக்கு ஈடாக வைக்க இருந்த நிலப்பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. தம்பிக்குச் சற்று மனத்தாங்கல்தான். டிராக்டர் முகப்பில் மாலை போட்டு ஊர்வலம் வரும் ஆசை அத்தனை எளிதில் அடங்குமா?

அம்மையாரின் கேள்வி மட்டும் பாதியிலேயே நிற்கிறது. ஊரில் நடவுக்குப் போகும் பெண்கள் பன்னிருவரில் இருவர், இயந்திரம் ஓட்டப் பயிற்சி தந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மற்றப் பதின்மருக்கு என்ன வழி? அவர்கள் நட்ட நெல்லின் அரிசியில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் மாடிவீடு கட்டி வாழ்கிறார்கள். நாமும் அவர்களில் சிலர். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, நிலத்தின் விலை என்ன என்று விசாரிப்பதோடு நில்லாமல், நட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் விசாரிப்போம். அவர்களுள் ஒரு பெண்ணின் பயிற்சிக்கோ, ஒரு குழுவின் முதல் தவணைக்கோ நம் குடும்பம் தோள் கொடுக்குமானால், அந்த வயலில் இறங்கும் இயந்திரம் அவர்களுக்கும் வரமாகும்.